பேனலுக்கு முன் கரண்ட் பில்: சூரிய மின்சாரத்துக்கு மாற நினைக்கும் ஊர்களுக்கு

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஒரு சோலார் தெருவிளக்கு நிற்கிறது. வைத்த புதிதில் ராத்திரி முழுக்க எரிந்தது. இரண்டாம் வருடம் எட்டு மணிக்கே மங்கியது. மூன்றாம் வருடம் எரியவே இல்லை. பேட்டரி போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் புது பேட்டரிக்குப் பணம் எங்கிருந்து வரும், யாரைக் கூப்பிடுவது, யார் ஏறி மாட்டுவது என்ற மூன்று கேள்விக்கும் ஊரில் பதில் இல்லை. பேனல் மட்டும் இன்றும் நல்ல நிலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பழுது பேனலில் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் ஒதுக்காததில்தான். ஆகவே இதைப் படிக்கும் நீங்கள் வார்டு உறுப்பினரோ, இளைஞர் மன்றத்துக்காரரோ, மகளிர் குழுவில் இருப்பவரோ, ‘நம்ம ஊருக்கும் சோலார் போடலாமே’ என்று நினைக்கும் ஒருவரோ, யாராக இருந்தாலும் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலைகளிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

ஓடந்துறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசினால் ஓடந்துறையைத் தவிர்க்க முடியாது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊராட்சி. 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் சொந்தப் பெயரில் வாங்கியது. விலை ரூ.1.55 கோடி. அதில் ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி ரூ.1.15 கோடி வங்கிக் கடன். வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில், மைவாடியில் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகி வாரியத்தின் கம்பி வழியாக ஊராட்சியின் கணக்கில் சேர்ந்தது. ஊருக்குச் சொந்தமான மின்சாரம் ஊருக்குள்ளேயே உற்பத்தியாக வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, காற்றாலை அவர்களுடைய முதல் வேலை இல்லை. 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகம், குடிநீர்த் திட்டங்களால் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்டுதான் இந்தப் பக்கம் திரும்பினார். தெருவிளக்கில் சோலாரைச் சோதித்தார்கள். தண்ணீர் இறைக்க, மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கும் 9 கிலோவாட் இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். கணக்கு எழுதினார்கள், பணம் சேர்த்தார்கள், பிறகுதான் காற்றாலைக்குப் போனார்கள். 40 லட்சம் சேமித்து வைத்திருந்த ஊராட்சி என்பதால்தான் வங்கி அவர்களை நம்பியது.

அப்போது இருந்த விலையும் விதிகளும் இப்போது இல்லை. அதனால் காற்றாலையை அப்படியே நகலெடுக்க முயல வேண்டாம். அவர்கள் போன வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பில் சேகரிப்பது

ஒரு நோட்டு வாங்குங்கள். ஊராட்சிச் செயலரிடம் போய், ஊராட்சி எத்தனை மின் இணைப்புக்குப் பணம் கட்டுகிறது என்று கேளுங்கள். நம் ஊராட்சிகளில் மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் தனியாகக் கணக்கு எண் 2 இருக்கிறது. அந்தக் கணக்கின் ஒரு வருடச் செலவைப் பார்த்தாலே ஊரின் மின்சார வரலாறு பாதி தெரிந்துவிடும்.

ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மின் இணைப்பு எண், எந்த இடம், என்ன வேலை, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் அல்லது எத்தனை விளக்கு, கடந்த ஒரு வருடத்தின் யூனிட், கட்டிய பணம். ரூபாயை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். கட்டணம் மாறும், யூனிட்தான் உண்மையான அளவு.

இந்தப் பட்டியலைப் போடும்போது எப்படியும் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். நாங்கள் போட்டபோது, தூர்ந்துபோன ஆழ்துளைக் கிணறு ஒன்றின் இணைப்புக்கு இன்னும் பணம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. மீட்டர் ஓடாமல் சராசரி போட்டு வரும் பில்களும் இருக்கும். அவற்றை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஒரு பேனல்கூட மாட்டாமல் மிச்சமாகும் பணம் இது.

இந்த வேலையை ஒருவரே செய்ய வேண்டாம். தொட்டி இயக்குபவர், வயர்மேன் வேலை தெரிந்த ஒருவர், கணக்கு எழுதப் பிடிக்கும் ஒரு கல்லூரி மாணவி, மகளிர் குழுவிலிருந்து ஒருவர் என்று நான்கு பேர் போதும். பின்னால் பராமரிப்புக் குழுவாகப் போவதும் இவர்கள்தான். அதனால் ஆரம்பத்திலேயே சரியான ஆட்களைப் பிடியுங்கள். மேடையில் பேசுகிறவர்களைவிட, மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் முக்கியம்.

இரண்டாம் வேலை: ஒழுகுவதை அடைப்பது

ஒரு கணக்கு. ஊரில் 100 தெருவிளக்கு, எல்லாம் பழைய ட்யூப்லைட் என்று வைத்துக்கொள்வோம். சோக்கையும் சேர்த்தால் ஒன்று சுமார் 50 வாட் இழுக்கும். ராத்திரி 12 மணி நேரத்துக்கு மொத்தம் 60 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 24 யூனிட். ஒரு நாளைக்கு 36 யூனிட் மிச்சம்.

நம் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். ஆக, 36 யூனிட்டைச் சூரிய ஒளியில் எடுக்க 9 கிலோவாட் பேனல் வேண்டும். விளக்கை மாற்றினால் அந்த 9 கிலோவாட்டை வாங்கவே தேவையில்லை. எல்.இ.டி. மாற்றி முடித்த ஊர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டன. ஆனால் விடிந்து ஒன்பது மணியாகியும் எரிகிற விளக்குகளை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு டைமர் சுவிட்ச் வேண்டும்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். பெரும்பாலான ஊராட்சிகளில் பெரிய செலவு இதுதான். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் நாலரை யூனிட் எடுக்கும். 6 மணி நேரம் ஓடினால் 27 யூனிட். தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடும் தண்ணீர் எல்லாம் மின்சாரம்தான். தொட்டியில் மிதவை சுவிட்ச் வையுங்கள். பழைய மோட்டாரைத் திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்து ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். பலமுறை ரீவைண்டிங் ஆன மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும்.

இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். சூரிய மின்சாரத்தின் பெரிய சிக்கல், ராத்திரிக்குச் சேமிப்பது. பேட்டரி விலை அதிகம், சில வருடத்தில் மாற்ற வேண்டும். ஆனால் எல்லா ஊரிலும் ஒரு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்தால், மாலையிலும் விடியற்காலையிலும் வீடுகளுக்குத் தண்ணீர் தானாக இறங்கும். நிறைந்த தொட்டி என்பது பகல் வெயிலைச் சேமித்து வைத்திருக்கும் பேட்டரி. முப்பது வருடம் உழைக்கும், யாரும் திருட முடியாது. பல ஊர்களில் பழக்கத்தின் காரணமாகவே விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் போடுகிறார்கள். சோலாருக்கு மாற நினைக்கும் ஊர், பேனல் வருவதற்கு முன்பே அந்த நேரத்தை மாற்றிப் பழக வேண்டும்.

மூன்றாம் வேலை: கிராம சபையில் வைப்பது

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் நோட்டில் உள்ளதை இந்த ஆறில் ஒன்றில் வையுங்கள். ஊராட்சித் தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும், முன்கூட்டியே பார்த்துக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் முடியும் நேரத்தில் எழுந்து சொன்னால் நிற்காது.

பேச்சை ‘புவி வெப்பமாகிறது’ என்று ஆரம்பிக்க வேண்டாம். அது உண்மை, எனக்கும் அந்தக் கவலை நிறையவே இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் வீட்டுக் குழாயும் தெருவிளக்கும்தான் முதலில் கண்ணில் படும். ‘போன வருடம் நம் ஊர் இத்தனை ரூபாய் கரண்ட் பில் கட்டியது. அதில் இவ்வளவு மிச்சம் செய்தால் இரண்டு தெருவுக்குச் சாக்கடை கட்டலாம்’ என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் எல்லோரும் கேட்பார்கள்.

தீர்மானத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும்: எந்தக் கட்டடத்தின் மேல் எத்தனை கிலோவாட், மிச்சமாகும் பணத்தில் எவ்வளவு பராமரிப்புக்கு ஒதுக்கப்படும், பொறுப்பு யார். மூன்றாவது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பராமரிப்புப் பணத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தர்னையின் கதை எனக்கு மறக்கவில்லை. பீகாரின் ஜெகனாபாத் மாவட்டத்தில் இருக்கும் கிராமம். 2014-இல் அங்கே 100 கிலோவாட்டில் பேட்டரியோடு கூடிய சூரிய மின் அமைப்பு வந்தது. சுமார் 450 வீடு. நாடே பேசியது. ஆனால் அப்போதே ஊர்க்காரர்கள் சிலர் ‘எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும்’ என்று பதாகை பிடித்தார்கள். ஃபிரிட்ஜ் போன்ற பெரிய சாமான்களை அதில் ஓட்ட முடியவில்லை. கொஞ்ச நாளில் வாரிய மின்சாரம் அதைவிட மலிவாக வந்து சேர்ந்தது. பேட்டரிகள் களைத்தன. மாற்ற யாரும் இல்லை, அமைப்பு பயனில்லாமல் போனது.

அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு எவ்வளவு மின்சாரம் தேவை, என்ன விலை கட்ட முடியும் என்று முதலில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். நீங்களும் கேளுங்கள். வாரியக் கம்பி ஏற்கனவே வந்திருக்கும் ஊரில் தனியாக பேட்டரி வைத்து ஓட்டும் அமைப்பைவிட, கம்பியோடு இணையும் அமைப்பே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காம் வேலை: எந்தக் கூரை, எத்தனை கிலோவாட்

ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், ரேஷன் கடை, மோட்டார் ரூம் ஆகியவற்றின் மேலே ஏறிப் பாருங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். ‘நிழல் விழாத’ என்பதை லேசாக எடுக்காதீர்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மூலையில் தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி குறையலாம். காலை ஒன்பது, மதியம், மாலை நான்கு என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் நீளும். அதனால் தெற்குப் பக்கம் உயரமான கட்டடமோ மரமோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் ஊரில் பேனல் தெற்கு நோக்கி, 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருந்தால் போதும். பழைய ஓட்டுக் கட்டடத்தின் மேல் ஏற்றாதீர்கள்; காங்கிரீட் கூரையாக இருந்தாலும் விரிசல் இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கடலோர ஊராக இருந்தால் இன்னொரு கவலை உண்டு. 2011-இன் தானேவையும் 2018-இன் கஜாவையும் பார்த்த கடலூர், நாகை, திருவாரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் எத்தனை வேகக் காற்றுக்குக் கணக்கிடப்பட்டது என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். உப்புக் காற்றுக்கு துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு கேளுங்கள்.

அளவை எப்படி முடிவு செய்வது? நோட்டில் இருக்கும் யூனிட்டைப் பாருங்கள். ஒரு மோட்டார் நாளைக்கு 27 யூனிட் எடுக்கிறது என்றால், 27-ஐ 4-ஆல் வகுத்தால் சுமார் 7 கிலோவாட். முதல் முறை அதிலும் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்து விட்டுப் பெரிதாக்கலாம்.

இணைப்பு விஷயத்தில் ஒன்று முக்கியம். வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் முறை உண்டு: பகலில் நீங்கள் கம்பிக்குக் கொடுத்த யூனிட், நீங்கள் எடுத்த யூனிட்டில் கழியும். தெருவிளக்கு, குடிநீர், பள்ளி போன்ற இணைப்புகளுக்கு கட்டணப் பிரிவைப் பொறுத்து முறையும் விலையும் மாறும். உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும், உபரி யூனிட்டுக்கு என்ன விலை, நெட்வொர்க் கட்டணம் (வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) உண்டா என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்வதை வைத்து கணக்குப் போட வேண்டாம்.

வீடுகள் எப்படிச் சேரும்

ஊராட்சிக் கட்டடம் ஒரு பக்கம் நடக்கட்டும். வீடுகளுக்கு 2024-இல் வந்த பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் இருக்கிறது. மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000. அடுக்குமாடிக் குடியிருப்போரின் பொதுப் பயன்பாட்டுக்கு கிலோவாட்டுக்கு ரூ.18,000.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடு கடன் வாங்கிப் பேனல் போட்டால், பணம் திரும்ப வர ரொம்ப காலம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் கட்டணம் சட்டென்று ஏறும். அவர்களுக்கு லாபம் கண்கூடு. 3 கிலோவாட் அமைப்பு நாளைக்கு 12, இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் தரும். வீட்டுக்கு வீடு பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு ஏழை வீட்டைத் தேவையில்லாத கடனில் இழுத்துவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தத் தெருவில் சோலார் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

நடைமுறை இப்படி: திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பட்டியலில் உள்ள நிறுவனங்களில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். அவர்கள் பொருத்தியதும் நெட் மீட்டருக்கு விண்ணப்பம், மின்வாரிய ஆய்வு, மீட்டர் மாட்டுதல். அதற்கப்புறம் வங்கி விவரம் கொடுத்தால் மானியம் கணக்கில் விழும். பல வீடுகள் முதல் படியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பது. பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவும் (உங்கள் இணைப்புக்கு வாரியம் அனுமதித்த கிலோவாட்) போடப்போகும் கிலோவாட்டுக்குப் போதுமா என்று பாருங்கள். மானியத்துக்கு இந்தியாவில் தயாரான செல் கொண்ட பேனல்தான் வேண்டும். பில்லில் அது குறிப்பிடப்பட்டிருக்கட்டும்.

தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் போனால் விலையும் குறையும், பழுது பார்க்கவும் ஆள் உடனே வருவார். சீட்டுக் கட்டிப் பழகிய நம் மகளிர் குழுக்கள் இந்தப் பத்து வீட்டைச் சேர்க்கும் வேலையை யாரையும்விட நன்றாகச் செய்வார்கள். இதே திட்டத்தில், தன் எல்லைக்குள் வீடுகளில் சோலார் ஏறினால் உள்ளாட்சிக்கும் வீட்டுக்கு ரூ.1,000 ஊக்கத்தொகை உண்டு. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் என்று 5,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்குள் போட்டி வைத்து, தேர்வாகும் ஊருக்கு ரூ.1 கோடி தருவதும் இதில் உள்ளதுதான். உங்கள் ஊர் அந்த அளவில் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் விசாரியுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது

மூன்று கொட்டேஷனுக்குக் குறையாமல் வாங்குங்கள். மொத்த விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பேனல் எத்தனை வாட், எத்தனை எண்ணிக்கை, இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டில் பயன்படும் மின்சாரமாக மாற்றும் கருவி) எந்தக் கம்பெனி, அதற்கு சர்வீஸ் மையம் எந்த ஊரில், தாங்கும் சட்டத்தின் இரும்புக் கனம், எர்த் எத்தனை, இடிதாங்கி உண்டா, நெட் மீட்டர் செலவு உள்ளே அடக்கமா, இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பேனலுக்கு 25 வருடம் என்பார்கள், அது சரி. இன்வெர்ட்டர் அவ்வளவு வருடம் வராது. நடுவில் ஒருமுறை மாற்ற நேரும் என்று வைத்து அதற்கான பணத்தை இப்போதிருந்தே சேருங்கள். சூர்ய கர் திட்டத்தில் பொருத்தும் நிறுவனத்துக்கு ஐந்து வருடப் பராமரிப்புப் பொறுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கடைசித் தவணை, நெட் மீட்டர் ஓடி முதல் பில் வந்த பிறகு.

ஊருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டியது இன்னொன்று: கம்பியோடு இணைந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வேலை செய்யாது. பழுது பார்க்க லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் பேனலிலிருந்து மின்சாரம் போய் அவரைத் தாக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், முதல் மின்வெட்டன்றே ‘ஏமாத்திட்டாங்க’ என்ற பேச்சு கிளம்பும்.

வயலும் தண்ணீரும்

விவசாயிகளுக்கு பி.எம். குசும் என்ற திட்டம் 2019-இல் வந்தது. அதில் தனி சோலார் பம்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் தருகிறார்கள். இப்போது என்ன நிலவரம் என்று வட்டாரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் மனதில் இருக்கும் பயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். செலவில்லாமல் ஓடும் பம்பு, பகல் முழுக்க ஓடும். நிலத்தடி நீர் ஏற்கனவே ஆயிரம் அடிக்குப் போன ஊரில் அது நல்லதல்ல.

இதற்கு குஜராத்தின் துண்டி கிராமம் ஒரு வழி காட்டியது. கேடா மாவட்டத்தில் 2016-இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பம்பு ஓட்டாத நேரத்தில் மின்சாரத்தை யூனிட்டுக்கு ரூ.4.63 வீதம் மின் வினியோக நிறுவனத்துக்கு விற்றார்கள். தேவைக்கு மேல் தண்ணீர் இறைத்தால் அந்த வருமானம் குறையும் என்பதால் பம்பை அளவாக ஓட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. நம் கேரளப் பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு. பாலக்காடு மாவட்ட ஊராட்சி தானே நிறுவனம் தொடங்கி, மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையத்தைக் கட்டி 2014-இல் ஓடவிட்டது.

வெளியிலிருந்து பெரிய திட்டம் வந்தால்

இதுவரை சொன்னது நாம் தேடிப் போவது. திட்டம் நம்மைத் தேடி வருவதும் உண்டு. ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தபோது அதற்கு எடுத்த இடம் சுமார் 2,500 ஏக்கர். தெற்கு மாவட்டங்களில் இன்று பல ஊர்களில் புரோக்கர்கள் நிலம் கேட்டு வருகிறார்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. அதற்காகவே அது ஊரை வறட்டிவிட்டு வரக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

கையெழுத்துக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்ற பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்கிப் பாருங்கள். கேட்கும் நிலத்தின் வழியாகக் கண்மாய்க்கு வரத்துக்கால் போகிறதா, மந்தை வழி இருக்கிறதா, சுடுகாட்டுப் பாதை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். காகிதத்தில் தரிசு என்று இருப்பது ஆடு மேய்ப்பவருக்குத் தரிசு இல்லை. வரத்துக்காலை ஒருமுறை மேடாக்கிவிட்டால் அந்தக் கண்மாய் அடுத்த ஐப்பசியில் நிறையாது. பேனல் கழுவத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். தண்ணீரில்லாமல் கருவியால் துடைக்கும் முறைகள் இருக்கின்றன.

முடிந்தவரை விற்காதீர்கள், குத்தகைக்குக் கொடுங்கள். ஏக்கருக்கு வருட வாடகை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்வு, உள்ளூர் ஆட்களுக்கு நிரந்தர வேலை எத்தனை, குத்தகை முடிந்ததும் பேனலையும் காங்கிரீட்டையும் யார் செலவில் எடுப்பது என்பவை எல்லாம் பதிவு செய்த பத்திரத்தில் வர வேண்டும். வக்கீல் ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

பேனலை விடியற்காலையிலேயோ அந்தி சாய்ந்த பிறகோ கழுவுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். சோப்புத் தூள் வேண்டாம், மெல்லிய துணி போதும். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் வெள்ளைப் படிவு தங்கும். தொட்டித் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். பங்குனி, சித்திரையில் புழுதி அதிகம், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். நல்ல மழைக்காலத்தில் அந்த வேலையை மழையே செய்துவிடும். ஆடிக்காற்றுக்கு முன் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

அந்த நோட்டை மூடிவிடாதீர்கள். மாதத்தின் முதல் நாள் காலையில் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டையும் மீட்டர் யூனிட்டையும் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போடட்டும். 7 கிலோவாட் அமைப்பு வெயில் மாதத்தில் 800 யூனிட்டைச் சுற்றி வர வேண்டும். அது 500-க்கு இறங்கினால் தூசி, நிழல், கழன்ற கம்பி, இன்வெர்ட்டர் என்று இந்த வரிசையில் தேடுங்கள். முதல் மூன்றையும் நம் ஆட்களே கண்டுபிடிப்பார்கள். ஆனால் இணைப்பைத் தொடுவதற்கு முன் சுவிட்சுகளை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் பகலில் பேனலிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும் என்பதால் அந்த வேலை எலக்ட்ரீஷியனுக்கு மட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் அவருடைய எண், சர்வீஸ் மையத்தின் எண், பிரிவு அலுவலக எண், சாவி இருக்கும் வீடு ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி, அதன் நகல் ஒன்றை மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.